அமாவாசைக் கடையும் அன்றாடக் கடையும்

மேல்மலையனூரில் கடை போடலாமா என்று என்னிடம் யோசனை கேட்டு வருகிற பிள்ளைகள் பெரும்பாலும் அமாவாசை ராத்திரியைப் பார்த்துவிட்டு வருகிறவர்கள். அங்காளம்மன் ஊஞ்சல் உற்சவத்துக்குச் சென்னை, வேலூர், புதுச்சேரி, பெங்களூர் என்று பஸ் பஸ்ஸாக ஜனம் வந்து இறங்கும். விடியவிடியக் கல்லா நிறையும். அதைப் பார்த்தால் யாருக்கும் கை பரபரக்கத்தான் செய்யும். மறுநாள் மத்தியானம் அதே தெருவில் வந்து நின்று பார்த்தால் தேங்காய் ஓடும் மிதிபட்ட எலுமிச்சம்பழமும்தான் கிடக்கும். இரண்டு நாளிலும் கடை திறந்து உட்கார்ந்திருக்கிற மளிகைக்காரன் நான். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன் தம்பி. தங்கச்சிகளுக்கும் சேர்த்துத்தான். இப்போது மகளிர் குழுக் கடன் வாங்கிக் கடை வைக்க முன்னால் வருவதே அவர்கள்தானே.

1. உன் கடைக்கு வருகிறவர் யார் என்று முதலில் பிரித்துப் பார். உள்ளூர் ஆள், அக்கம்பக்கத்துக் கிராமத்து விவசாயி, கூலி வேலைக்குப் போகிறவர், இவர்கள் அன்றாட வாடிக்கைக்காரர்கள். அமாவாசைக்கு வருகிறவர் வெளியூர். அவரை "இன்றைக்கு வந்தார், இனி எங்கே வரப்போகிறார்" என்று நினைத்து விலை சொல்லுகிற பழக்கம் கோயில் ஊர்களில் எல்லாம் உண்டு. வேறு எந்த ஊரில் அந்தக் கணக்குச் சரியோ தெரியாது, இங்கே அது தப்புக் கணக்கு. தொடர்ந்து மூன்று அமாவாசை வருவதாக வேண்டிக்கொண்டு வருகிறவர்கள் நிறைய. வேண்டுதல் பலித்தால் பிறகு வருஷக்கணக்கில் வருவார்கள், கூடவே அக்கா, நாத்தனார், பக்கத்து வீடு என்று ஒரு வேன் நிறையக் கூட்டி வருவார்கள். முதல் அமாவாசையில் அவரிடம் அதிகமாக வாங்கின முப்பது ரூபாய் அடுத்து வருகிற அந்த வேனையே எதிர்க் கடைக்குத் திருப்பிவிடும். இங்கே கடை நடத்துகிறவன் வைக்கிற விலை, காட்டுகிற வித்தியாசம், செய்கிற உபசரிப்பு எல்லாம் இந்த ஒரு விஷயத்திலிருந்துதான் தொடங்குகிறது. மாதம் ஒரு தடவை வருகிற வாடிக்கையும் வாடிக்கைதான்.

2. விலை தெரிந்த சாமானில் லாபம் தேடாதே. சர்க்கரை, கடலை எண்ணெய், பால் பாக்கெட், துவரம்பருப்பு. இவற்றின் விலை இங்கே ஒவ்வொரு வீட்டுக்கும் ரூபாய் பிசகாமல் தெரியும். செஞ்சிக்கு வெள்ளிக்கிழமை சந்தைக்குப் போய் வருகிறவர் அங்கே சர்க்கரை என்ன விலை என்று கேட்டுவிட்டுத்தான் உன் கடைப் படியேறுவார். நீ இரண்டு ரூபாய் கூட வைத்தால் உன் கடையில் எல்லாமே விலை அதிகம் என்று ஊரில் பேச்சாகிவிடும். சிறுசாக வாங்குகிற ஏலக்காய், கசகசா, பட்டை லவங்கம், ஊதுவத்தி, பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் இவற்றின் விலையை யாரும் மனப்பாடமாக வைத்திருப்பதில்லை. கடையின் வாடகையும் கரண்டு பில்லும் அதிலிருந்துதான் வர வேண்டும். ரங்கநாதன் தெருவின் பெரிய கடையானாலும் செஞ்சி சூப்பர் மார்க்கெட் ஆனாலும் நோட்டீசில் முதல் பக்கம் போடுவது எது என்று பார். சர்க்கரையும் எண்ணெயும்தான். உள்ளே போய்த் தள்ளுவண்டியில் எடுத்துப் போடுவது வேறு சாமான்.

அதற்காகத் தெரியாத சாமானில் கொள்ளை அடிக்கச் சொல்லவில்லை. பத்து கிராம் மிளகுக்கு நியாயமான லாபம் எது என்று உனக்கே தெரியும்.

இன்னொன்று. உன்னால் ஒருநாளும் ஜெயிக்க முடியாத கடை ஒன்று ஊருக்குள் இருக்கிறது, ரேஷன் கடை. அரிசி விலையில்லாமல், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய். 2011-லிருந்து இலவச அரிசி வாங்குகிற வீட்டுக்குச் சாதாரண அரிசியை நீ விற்க முடியாது. பொன்னி புழுங்கலும் இட்லி அரிசியும்தான் போகும். ரேஷனில் பருப்பும் எண்ணெயும் போடுகிற வாரம் உன் கடையில் அந்த இரண்டும் படுத்துக்கொள்ளும். ரேஷன் கடைப் பையன் எப்போது லோடு வருகிறது என்று சொல்வான், கேட்டு வைத்துக்கொண்டு அந்த வாரத்துக் கொள்முதலைக் குறை.

3. விலையைக் குறைக்கிறதற்கு முன்னால் ஒரு சீட்டில் கணக்குப் போடு. கம்பெனிச் சரக்கு ஒன்று, சோப்பு என்று வைத்துக்கொள், அடக்கம் 90 ரூபாய், அச்சடித்த விலை 100. உனக்கு நிற்பது 10. எதிர்க் கடைக்காரன் 95-க்குக் கொடுக்கிறான் என்று நீயும் 95 ஆக்கினால் விலையில் குறைந்தது நூற்றுக்கு ஐந்துதான், லாபத்தில் பாதி போய்விட்டது. பழைய காசைப் பார்க்க வேண்டுமானால் இரண்டு மடங்கு விற்க வேண்டும். மேல்மலையனூரில் சோப்புத் தேய்க்கிறவர்கள் நீ விலை குறைத்தாய் என்பதற்காக இரண்டு தடவை குளிக்கப் போவதில்லை. எதிர்க் கடை வாடிக்கை உன்னிடம் வரும் என்பாய். நாளைக்கே அவன் 93 ஆக்குவான். பிறகு இரண்டு பேரும் சோப்பைச் சும்மா கொடுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தள்ளுபடி விலை என்பது பெரிய மூலதனம் உள்ளவனுக்கே ஆபத்தான ஆட்டம். சுபிக்‌ஷா கடை ஞாபகம் இருக்கிறதா? உன் வயசுக்கு இருக்காது, உன் அப்பாவைக் கேள். 1997-ல் சென்னை திருவான்மியூரில் ஒரு கடையாகத் தொடங்கினது. அச்சடித்த விலைக்குக் குறைவாகக் கொடுப்பதுதான் அவர்கள் பிடித்த வழி. ஏசி கிடையாது, அலங்காரம் கிடையாது, சின்னத் தெருவில் சின்னக் கடை, வாடகையும் செலவும் கம்மி. அதுவரை புத்திசாலித்தனம்தான். செலவைக் குறைத்தவன் விலையைக் குறைக்கலாம். ஆனால் பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்குள் நாடு முழுக்க ஆயிரத்து ஐந்நூறு கடைகளுக்கு மேல் கடன் வாங்கியே பரப்பினார்கள். கையில் ரொக்கம் வற்றியதும் சரக்குக் கொடுக்கிறவருக்குப் பணம் போகவில்லை, அலமாரி காலியானது, வேலைக்காரர்களுக்குச் சம்பளம் நின்றது. 2009-ல் மொத்தமும் மூடிவிட்டது. காலி அலமாரிக்கு எத்தனை தள்ளுபடி போட்டு என்ன. குறைந்த லாபத்தில் விற்கிறவனுக்குக் கையிருப்பு ரொக்கம் மற்றவனைவிட அதிகம் வேண்டும், குறைவாக இல்லை. விலை குறைக்கிற யோசனை வரும்போதெல்லாம் இதை நினை.

விலை குறைக்க ஒரே ஒரு நேரான வழிதான் எனக்குத் தெரியும். கொள்முதலில் குறை. லைன் வண்டிக்காரரிடம் ரொக்கம் கொடுத்து வாங்கினால் கடனுக்கு வாங்குவதைவிடக் குறைத்துப் போடுவார். கேட்காமல் போடமாட்டார். கம்பெனி ஸ்கீமில் பெட்டிக்கு இரண்டு சேர்த்துக் கொடுத்தால் அதை வாடிக்கையாளருக்குக் கொடு. உன் கைக்காசிலிருந்து கொடுக்காதே.

4. எலுமிச்சம்பழத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த ஊரில் புதுக் கடைக்காரர்கள் கையைச் சுட்டுக்கொள்வது அதில்தான். அம்மனுக்கு எலுமிச்சை மாலை சாத்துகிற ஊர் இது. தை, மார்கழியில் பழம் மலிவாகக் கிடைக்கும். பங்குனி, சித்திரையில் வரத்துக் குறைந்து ஒரு பழமே பத்து ரூபாயைத் தொடும். புளியங்குடிப் பழமோ ஆந்திராவின் கூடூர்ப் பழமோ, எங்கிருந்து வந்தாலும் உன் கைக்கு வரும்போது நான்கு கை மாறியிருக்கும். அமாவாசை அன்று மத்தியானம் உன்னிடம் மூட்டை இருக்கிறது. ராத்திரி பத்து மணிக்குக் கூட்டம் உச்சத்தில் இருக்கும். பக்கத்தில் ஒருவனுக்குப் பழம் தீர்ந்துவிட்டது என்று தெரிந்தவுடன் விலையை ஏற்றத் தோன்றும். ஏற்றாதே. சாயங்காலமே விலையைச் சிலேட்டில் எழுதி முன்னால் மாட்டிவிடு. அன்றைக்கு ராத்திரி அது மேலே போகக் கூடாது. வரிசையில் முன்னால் நின்றவள் எட்டுக்கு வாங்கினதைப் பின்னால் நிற்கிறவள் பார்த்துக்கொண்டுதான் இருப்பாள். அவளிடம் பன்னிரண்டு கேட்டால் அங்கேயே சண்டை வரும்.

கீழே இறங்கலாம். ஊஞ்சல் முடிந்து ஜனம் பஸ்ஸுக்குத் திரும்புகிற நேரம் மீதிப் பழத்தைக் கூறு கட்டி வை. ஐந்து பழம் ஒரு கூறு, பாதி விலை. வீட்டுக்குத் திருஷ்டி கழிக்க, வண்டிச் சக்கரத்துக்கு வைக்க என்று வாங்கிக்கொண்டு போவார்கள். பெங்களூர் வேன்காரர்கள் இரண்டு கூறாகக் கேட்பார்கள். விடிந்த பிறகு அந்தப் பழத்துக்கு உப்பும் மிளகாய்த்தூளும்தான் கதி. ஊறுகாயும் விற்கும் என்பது வேறு விஷயம்.

5. அச்சடித்த விலைக்கு மேல் ஒரு பைசா வாங்காதே. இருபது ரூபாய்த் தண்ணீர் பாட்டிலை "கூலிங் சார்ஜ்" என்று சொல்லி இருபத்தைந்துக்கு விற்பது சட்டப்படி குற்றம். 2009-ம் வருஷத்து எடையளவுச் சட்டமும் அதன் கீழ் 2011-ல் வந்த பொட்டலப் பொருள் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. சட்டத்தை விடு. தண்ணீர் பாட்டில்தான் வெளியூர்க்காரருக்கு விலை நிச்சயமாகத் தெரிந்த ஒரே சாமான். அதில் ஐந்து ரூபாய் கூடக் கேட்டால் நீ சொல்கிற பூஜைத் தட்டு விலையையும் அவர் நம்பமாட்டார்.

6. எல்லாரும் விற்கிறதையே நீயும் விற்றால் உன்னிடம் ஏன் வர வேண்டும்? கோயில் தெருவில் நடந்து பார். தேங்காய், வாழைப்பழம், வெற்றிலை பாக்கு, கற்பூரம், மஞ்சள் குங்குமம், வளையல், வேப்பிலை. இருபது கடையிலும் இதே தட்டு. வித்தியாசம் தட்டில் இல்லையென்றால் வேறு எங்காவது இருக்க வேண்டும்.

நம் பழைய தென்னார்க்காடு ஜில்லாவிலேயே அதற்குப் பாடம் இருக்கிறது. கடலூரில் சின்னிகிருஷ்ணன் என்பவர் ஷாம்பூவைச் சின்னப் பாக்கெட்டில் அடைத்து விற்கலாம் என்று யோசித்தவர். அவர் மகன் சி. கே. ரங்கநாதன் 1983-ல் பதினைந்தாயிரம் ரூபாய் போட்டுத் தனியாகத் தொழில் தொடங்கி, சிக் ஷாம்பூ பாக்கெட்டைக் கிராமத்துப் பெட்டிக்கடை வரை தொங்கவிட்டார். பெரிய கம்பெனிகள் பாட்டில் விற்றுக்கொண்டிருந்தன. பாட்டில் வாங்க அன்றாடக் கூலிக்காரியின் கையில் மொத்தமாகக் காசு இல்லை, தலைக்குக் குளிக்க ஆசை இருந்தது. அவள் கையிலிருந்த காசின் அளவுக்கு ரங்கநாதன் சரக்கை வெட்டினார். அருண் ஐஸ்கிரீம் சந்திரமோகன் 1970-ல் பதின்மூன்றாயிரம் ரூபாயோடு ராயபுரத்தில் தொடங்கினவர். பெரிய கம்பெனிகள் சென்னையைப் பிடித்து வைத்திருந்தபோது அவர்கள் எட்டிப் பார்க்காத சின்ன ஊர்களுக்குச் சரக்கை அனுப்பினார். இரண்டு பேருமே மலிவாக விற்று ஜெயித்ததாகச் சிலர் சொல்வார்கள். நான் அப்படிப் பார்க்கவில்லை. மற்றவன் கண்ணில் படாத ஆளைப் பார்த்தார்கள்.

அமாவாசை ராத்திரி உன் கண்ணில் படாத ஆள் யார் தெரியுமா? கைக்குழந்தையோடு வந்திருக்கிற பெண். நடுராத்திரியில் வெந்நீர் வேண்டும், டயாபர் வேண்டும், அவளுக்கே சானிட்டரி நாப்கின் தேவைப்படலாம், அதைப் பத்து ஆண்கள் நிற்கிற கடையில் கேட்கக் கூசுவாள். ஒரு தங்கச்சி கல்லாவில் உட்கார்ந்திருந்தால் அந்தக் கடை எது என்று அடுத்த அமாவாசைக்குள் பெண்களுக்கெல்லாம் தெரிந்துவிடும். சேஃப்டி பின், மருந்துச் சீட்டு இல்லாமல் விற்கக் கூடிய தலைவலித் தைலம், வயசானவர் உட்கார மடக்கு ஸ்டூல், போன் சார்ஜ் போட நாலு பிளக் பாயிண்ட், மஞ்சப்பை. இவற்றில் பாதிக்கு லாபம் சொற்பம், சார்ஜ் போடுவதற்குக் காசே வாங்க வேண்டாம். போனை எடுக்க வருகிறவர் வெறும் கையோடு போகமாட்டார்.

தட்டிலும் ஒன்று செய்யலாம். மூன்று அளவில் கட்டி வை, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிகிற மாதிரி, விலையை மேலே எழுதி. பேரம் பேசி வாங்குகிறவருக்குத் தான் ஏமாந்தோமோ என்று கோயில் வாசல் வரை உறுத்தும். பாரிஸ் பட்டணத்தில் போன் மார்ஷே என்ற கடையில் 1852-ல் சேர்ந்த பூசிகோ என்பவர் பேரத்தை ஒழித்து, எல்லாச் சரக்கிலும் விலைச்சீட்டு ஒட்டி, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடுக்கலாம் என்று சொல்லித்தான் உலகத்துப் பெரிய கடைகளுக்கெல்லாம் வழி காட்டினார். நம் தெருவில் இன்னும் பாதிக் கடைகள் அங்கே வரவில்லை, உனக்கு நல்லதாய்ப் போயிற்று.

7. "செருப்பை இங்கே விட்டுட்டுப் போங்கம்மா, காசு வேணாம்" என்று கூப்பிட்டு, திரும்பி வந்து செருப்பைக் கேட்கிறபோது "தட்டு வாங்கலையே" என்று முகத்தைத் திருப்புகிற வேலையை எந்தக் கோயில் ஊரிலும் பார்க்கலாம். இதற்குப் பெயர் உபசரிப்பு இல்லை, தூண்டில். இலவசம் என்று சொன்னால் இலவசமாகவே இருக்கட்டும். முடியாதென்றால் ஜோடிக்கு இவ்வளவு என்று அட்டை எழுதி மாட்டு. கோபத்தோடு சந்நிதிக்குப் போகிறவர் அம்மனிடம் உன்னைப் பற்றித்தான் பேசுவார்.

8. சில்லறை வைத்திரு. சில்லறைக்குப் பதிலாக மிட்டாய் கொடுக்காதே. 2016-லிருந்து போன் பணம் வந்துவிட்டது, இனிச் சில்லறை எதற்கு என்று கேட்கிறாய். அமாவாசைக் கூட்டத்தில் சிக்னல் சுற்றிக்கொண்டே இருக்கிறபோது தெரியும். உண்டியலில் போட, தட்டில் வைக்க, மாசியில் மயானக்கொள்ளை அன்று தானியத்தோடும் காய்கறியோடும் சூறை விட என்று நாணயத்துக்கு இங்கே தனிக் கிராக்கி உண்டு. முந்தின நாளே பாங்கில் நாணயப் பை வாங்கி வைக்கிற கடைக்கு அதற்காகவே ஆள் வரும்.

9. அன்றாடக் கடையின் பலம் கடன் நோட்டு. சூப்பர் மார்க்கெட்டும் போன் ஆர்டர் கம்பெனியும் வேர்க்கடலை பிடுங்கிப் பணம் வருகிற வரை காத்திருக்காது. நீ காத்திருப்பாய். அதற்கு ஒரு விலை உண்டு, அந்த விலையைச் சரக்கில் ஏற்றி ரொக்கக்காரர் தலையில் கட்டாதே. கடன் கொடுக்கத் தக்க வீடு எது என்பதைப் பழைய வாடிக்கையை வைத்து நிதானி, ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு வரம்பு வை, வரம்பை நோட்டின் முதல் பக்கத்தில் அவர்கள் பார்க்கிற மாதிரி எழுது. எழுதுகிறபோது சத்தமாகச் சொல்லி எழுது, "அக்கா, பருப்பு அரைக் கிலோ, சோப்பு ரெண்டு" என்று. மாசக் கடைசியில் தகராறு வராது. கடனைக் கேட்கிறபோது மட்டும் சத்தம் கூடாது. கடையில் வேறு ஆள் நிற்கையில் ஒருவரிடம் பழைய பாக்கியைக் கேட்டால் பாக்கியும் வராது, ஆளும் வரமாட்டார்.

சென்னையில் அண்ணாச்சி கடைகள் இன்றைக்கும் மால்களுக்கு நடுவில் நிற்பதை வெறும் மலிவு விலையை வைத்து விளக்க முடியாது. காலை ஐந்து மணிக்குக் கதவு திறந்திருக்கும். ஐந்து ரூபாய்க்கு மஞ்சள்தூள் கேட்டால் முகம் சுளிக்காமல் மடித்துக் கொடுப்பார்கள். கெட்ட முட்டையை மாற்றித் தருவார்கள். கறிவேப்பிலையைக் கொசுறாகப் பையில் போடுவார்கள். உன் கடையில் கொசுறு நிற்கும் நாளில் விலைப்பட்டியலை வெளியே மாட்டிவிட்டு நீ வீட்டுக்குப் போய்விடலாம்.

10. பக்கத்துக் கடைக்காரரைப் பகைத்துக்கொள்ளாதே. இருபது கடை ஒரே தெருவில் இருப்பதால்தான் ஜனம் அந்தத் தெருவுக்கு வருகிறது. ராத்திரி ஒரு மணிக்கு உனக்குத் தேங்காய் தீர்ந்தால் ஓடிப்போய் வாங்கி வர அவர் கடைதான் இருக்கிறது, கொள்முதல் விலைக்கே தருவார். உன்னிடம் கற்பூரம் கேட்டு அவர் பையன் வரும்போது நீயும் அப்படியே கொடு.

11. வேறு சில சில்லறை வேலைகள். விற்றுமுதல் வருஷத்துக்கு 40 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை, ஆனால் கொள்முதல் பில்லை முதல் நாளிலிருந்தே ஆணியில் குத்திவை. தின்பண்டம் விற்றால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள். எலெக்ட்ரானிக் தராசுக்குப் பன்னிரண்டு மாதத்துக்கு ஒரு தடவை, படிக்கல்லுக்கும் கைத்தராசுக்கும் இருபத்துநான்கு மாதத்துக்கு ஒரு தடவை முத்திரை போட வேண்டும், தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வாளர்தான் போடுவார். முத்திரைச் சான்றை அலமாரிக்குள் பூட்டாமல் தராசுக்கு மேலேயே மாட்டு, நிறுக்கிறபோது தட்டு வாடிக்கையாளர் பக்கம் திரும்பியிருக்கட்டும். மாசித் திருவிழா நெருங்கிவிட்டால் எதற்கும் அலைய நேரம் இருக்காது, அதனால் இந்த வேலைகளையெல்லாம் தை பிறந்ததும் முடித்துவிடு.